பல்கனியிலை பிடிச்ச நெபுலா

வில்லரே எண்ட பட்டினப் பகுதியிலை, எங்கட ரெண்டாம் மாடிப் பல்கனியிலை இருந்துகொண்டு நெபுலாவைப் படம் எடுக்கேலாது எண்டு எனக்குச் சொன்ன ஆக்களை எண்ணத் தொடங்கினால் ரெண்டு கை விரலும் காணாது. வானியல் சங்கத்திலை சொன்னவை. இணையத்திலை முகம் தெரியாத ஆக்கள் சொன்னவை. என்ர மனிசன் சொன்னவர், அதுவும் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, வானத்தை ஒருக்கால் அண்ணாந்துகூடப் பாக்காமல். எல்லாரும் சொன்னது ஒரே கதைதான். பட்டினத்து வெளிச்சத்துக்குள்ளை ஒண்டும் வராது, இருட்டான இடத்துக்குப் போ. எனக்கு அந்த ‘ஏலாது’ எண்ட சொல்லைக் கேட்டால் காது சுடும். அது பிறவிக் குணம், இனி மாத்தேலாது.

நெபுலா எண்டால் நட்சத்திரங்களுக்கு இடையிலை பரந்து கிடக்கிற வாயு, முகில் மாதிரி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதுக்கெண்டு ஒரு சிவப்பு வெளிச்சம் இருக்கு. அந்த ஒரு சிவப்பை மட்டும் உள்ளுக்கு விட்டு, தெருவிளக்கு, கடை விளக்கு, கார் லைட் எல்லாத்தையும் வாசலிலையே மறிக்கிற ஒரு சின்னக் கண்ணாடி விக்கினம், பில்டர் எண்டு. அதைத் தொலைநோக்கியிலை பூட்டின கமராவுக்கு முன்னாலை செருகிப்போட்டு ஒரு படத்துக்கு ஐஞ்சு நிமிசம் திறந்து வைக்க வேணும். அந்த ஒரு படத்திலை ஒண்டும் இராது, கரிச்சட்டிக்குள்ளை பாத்த மாதிரி இருக்கும். அப்பிடி நூறு, இருநூறு எடுத்து, கொம்பியூட்டரிலை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி, பேந்து அந்தக் கறுப்பை மெல்ல மெல்ல வெளுப்பிக்க, உள்ளுக்கை கிடக்கிறது மேலை வரும். முதல்முதல் வந்த நாள் நான் சமையலறைக்குள்ளை தனிய நிண்டு கை தட்டினனான். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு, போகட்டும்.

எங்கட பல்கனி ஒரு ஆள் நீட்டி நிமிந்து படுக்கேலாத அளவு. மேல்வீட்டுக்காரரின்ர பல்கனி எங்களுக்குக் கூரை. பலகை நிலம், ஆரும் காலை வைச்சால் தொலைநோக்கி ஆடும். அதனாலை படம் ஓடேக்கை ஒருத்தரும் அங்கை போகக் கூடாது எண்டு நான் சட்டம் போட்டிருந்தன். உடுப்புக் காயப் போடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, திறக்கவும் கூடாது. என்ர மனிசன் இதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பார். எலி வளை எண்டாலும் தனி வளை வேணும் எண்டு சும்மாவே சொன்னவை?

முதல் வருசம் நான் வடக்கைப் பிடிக்கவே மாரடிச்சன். தொலைநோக்கியின்ர தாங்கி சரியா வடக்கை நோக்கி இருந்தால்தான் வானம் சுத்த அதுவும் கூடச் சுத்தும். இந்த ஊரிலை வாய் கூசாமல் ‘வடக்கு’ எண்டு சொல்லுற பக்கம் வடக்கே இல்லை, நல்லா மேற்காலை சரிஞ்சு கிடக்கு. தெருப்பெயரை நம்பித் தாங்கியைத் திருப்பி வைச்சால் நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா இழுபட்டுது. ரெண்டு கிழமை நான் கமராவைப் பேசினன், பேந்து மனிசனைப் பேசினன், கடைசியிலைதான் விசயம் விளங்கிச்சுது. ஒரு நன்மை, இந்தக் கோணல் ஊரிலை ‘கிழக்குப் பாத்த’ பல்கனி எண்டு சொல்லி வாடகைக்குத் தந்தது உண்மையிலை வடக்குப் பக்கமாப் பாக்குது. புரட்டாதி, ஐப்பசியிலை பொழுதுபட இதய நெபுலா நேர எங்கட பல்கனிக்கு முன்னாலை ஏறி வரும். மேல்வீட்டுப் பலகைக்குப் பின்னாலை போய் மறையிற வரைக்கும் மூண்டரை மணித்தியாலம் எனக்கு. அது காணும்.

நான் லொங்குய்யிலை ஒரு மூக்குக்கண்ணாடி செய்யிற இடத்திலை வேலை. விடிய மெற்றோவிலை ஆத்தைக் கடந்து போய், எட்டு மணித்தியாலம் விளக்குக்கு முன்னாலை நிண்டு, வெட்டி வாற கண்ணாடியளைத் தூக்கிப் பிடிச்சு, கீறல் இருக்கோ, தூசி இருக்கோ எண்டு பாக்கிறது. என்ர கண்ணுக்குத் தப்பின தூசி அங்கை இல்லை எண்டு மற்றவையே சொல்லுவினம். இதைப் பெருமைக்குச் சொல்லேல்லை. ஏன் சொல்லுறன் எண்டு போகப் போகத் தெரியும்.

சங்கத்திலை தமிழர் எண்டால் நானும் இன்னொருத்தரும்தான். அவர் தமிழ்நாட்டுக்காரர், பேராசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் இஞ்சை வரமுதலே இஞ்சை வந்து வேர்விட்டவர். லவாலுக்கும் அங்காலை, வடக்கை, மலைப்பக்கம் காட்டுக்குள்ளை அவருக்கு ஒரு வீடு இருக்கு. அங்கை கையை நீட்டினால் கை தெரியாத இருட்டாம். என்னைக் கண்ட முதல் நாள், உங்க யாழ்ப்பாணத் தமிழ் கேக்கவே அவ்ளோ இனிமையா இருக்கு எண்டார். நான் அப்ப தாங்கியிலை ஆணி கழண்டதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனான். ஆணி கழண்டதிலை என்ன இனிமை எண்டு கேட்டன், சிரிச்சார். நல்ல மனிசன்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கதை முடியிற இடத்திலை எப்பவும், சிட்டியில இருந்து சரிப்பட்டு வராதும்மா, எங்க காட்டேஜுக்கு வந்துடுங்க எண்டு ஒரு முத்திரை குத்திப்போட்டுத்தான் போவார்.

போன இலையுதிர்காலம் வானம் எனக்கெண்டே வெளிச்ச மாதிரி இருந்தது. பதினொரு பின்னேரம் கிடைச்சுது. வேலையாலை வந்து உடுப்பு மாத்தாமலே தொலைநோக்கியைத் தூக்கி வைப்பன், படம் ஓடும், நான் உள்ளுக்கை இருந்து கீரை ஆய்வன். பதினோராம் நாள் முடியேக்கை, இனி ஒரு வேலைதான் மிச்சம், வெறும் படம் எடுக்கிறது.

வெறும் படம் எண்டது நான் வைச்ச பேர், சங்கத்திலை ‘பிளாட்’ எண்டுவினம். தொலைநோக்கியின்ர வாயிலை வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விடியச் சாமத்து வெளுப்பிலை ஒண்டுமில்லாத வானத்தை எடுக்கிறது. நான் மனிசன்ர வேட்டியைத்தான் கட்டுறனான், அதைப்போலை சீரான துணி வேறை இல்லை. உள்ளுக்கை கண்ணாடியளிலை எங்கையாவது தூசி கிடந்தால் அதின்ர நிழல் அந்த வெறும் படத்திலை விழும். கொம்பியூட்டர் அதைப் பாத்து, ஓ, இந்த இடத்திலை தூசி வெளிச்சத்தை மறிச்சிருக்கு எண்டு, உண்மையான படத்திலை அதே இடத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிச் சமப்படுத்தும். எப்பவும் நான் கடைசி நாளுக்கு அடுத்த விடியவே இதை எடுத்துப்போடுவன்.

இந்த முறை அடுத்த விடிய சரஸ்வதி பூசை. எங்கட வீட்டிலை அது என்ர மனிசன்ர ராச்சியம். படிக்கிற சாமான், தொழில் சாமான் எல்லாம் சாமிக்கு முன்னாலை வைச்சுப்போட வேணும், விஜயதசமி விடியும்வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. தன்ர லைசென்சு, வேலையிடத்துச் சப்பாத்து, கொம்பியூட்டர், எல்லாம் வைச்சார். குழாயையும் கொண்டு வாரும் எண்டார். அவருக்கு அது தொலைநோக்கி இல்லை, குழாய். வெறும் படம் எடுத்துப்போட்டுத் தாறன் எண்டு நான் கேட்டதுக்கு, பூசை தொடங்கிற நேரத்திலை உமக்குப் படமோ எண்டார். எனக்கும் மனசுக்குள்ளை ஒரு ஆசை. இத்தினை வருசமா நான் படிச்ச படிப்பு அந்தக் குழாய்க்குள்ளைதானே கிடக்கு, சாமிக்கு முன்னாலை அதுக்கும் ஒரு இடம் வேணும். கமராவைக் கழட்டாமல் அப்பிடியே தூக்கிக்கொண்டு போய் வைச்சன். அவலும் கடலையும் படைச்சம், தேவாரம் பாடினம். விஜயதசமி விடிய, பூசை முடிய, வேட்டியைக் கட்டி வெறும் படம் எடுத்தன். குழாயிலை மூண்டு குறி விபூதி வடிவா இழுத்துக் கிடந்தது. சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் எல்லாத்தையும் அடுக்கினன். நெபுலா வந்தது, இதுவரைக்கும் நான் கண்டிராத வடிவிலை. அதுக்குக் கீழை, இடப்பக்கம், ஒரு சின்ன வளையம். மங்கல், ஆனால் வட்டம் எண்டால் அப்பிடி ஒரு வட்டம், நடுவிலை ஓட்டையோடை. செத்துக்கொண்டிருக்கிற நட்சத்திரம் தன்ர வாயுவை ஊதித் தள்ள அப்பிடி வளையம் வரும். எங்களைப்போல ஆக்கள் வீட்டிலை இருந்து அப்பிடிக் கண்டுபிடிச்சும் இருக்கினம். நான் மற்றவை எடுத்த படங்களை எல்லாம் தேடித் தேடிப் பாத்தன். ஒண்டிலையும் அது இல்லை. இல்லாதது எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேணும். எனக்குத் தந்தது சந்தோசம். பாத்தியளோ, இருட்டுக்குள்ளை போயிருந்து எடுத்தவை ஒருத்தருக்கும் கிடைக்காதது வில்லரேக்காரிக்குக் கிடைச்சிருக்கு எண்டு.

சங்கத்துக்கு அனுப்பினன். கூட்டத்திலை எழும்பி நிண்டு என்ர உடைஞ்ச பிரெஞ்சிலை சொன்னன். சங்கத் தலைவி வந்து கையைப் பிடிச்சா. பனிக்காலம் தொடங்க நூலக மண்டபத்திலை சங்கத்தின்ர படக் கண்காட்சி, அதுக்கு இதைத்தான் பெரிய படமாப் போட வேணும் எண்டா. எனக்குத் தலை கால் தெரியேல்லை. எல்லாரும் போன பிறகு பேராசிரியர் பக்கத்திலை வந்தார். மெல்லமாத்தான் கேட்டார்.

“உங்க ஃப்ளாட்டைக் கொஞ்சம் காட்டுங்கம்மா.”

“ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை வேற, ஃப்ளாட் வேற.”

எனக்குச் சுள்ளெண்டு வந்தது. உங்கட காட்டுவீட்டுக்குள்ளை இப்பிடி ஒண்டு கிடைச்சிருந்தால் உங்களை ஆரும் கேட்டிருப்பினமோ எண்டு கேட்டுப்போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன். மெற்றோவிலை வரேக்கை முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு வந்தன், வாய்க்குள்ளைதான். பக்கத்திலை இருந்த பொம்பிளை எழும்பி வேறை இடத்திலை போய் இருந்தா.

பேந்து மூண்டு கிழமை. அந்த வெறும் படம் கொம்பியூட்டருக்குள்ளைதான் கிடக்கு. திறந்து பாக்க ஒரு நிமிசம் எடுக்காது. நான் திறக்கேல்லை. சமைச்சன், வீடு கூட்டினன், கண்காட்சிக்கு என்ன சீலை கட்டுறது எண்டு யோசிச்சன். அதை மட்டும் திறக்கேல்லை. பயம், வேறை என்ன? தூசி எப்பிடி விழும் எண்டு எனக்குத் தெரியாதோ? இந்த மாதிரிக் கண்ணாடி வைச்ச குழாயிலை தூசி தூசியா விழாது, வட்டமா, நடுவிலை ஓட்டையோடை, வடை மாதிரித்தான் விழும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மூண்டு கிழமை கண்ணை மூடிக்கொண்டிருந்தன்.

ஒரு நாள் வேலையிலை, புதுசா வந்த பெட்டை ஒருத்தி துடைச்சுத் தந்த கண்ணாடியிலை ஓரமா ஒரு பொட்டுத் தூசி. பூச்சுக்குள்ளை மாட்டுப்பட்டது, இனித் துடைச்சாலும் போகாது. திருப்பி அனுப்பினன். ஒருத்தருக்கும் தெரியாது, விடுங்கோ எண்டாள். போடுற ஆளுக்குத் தெரியும் எண்டு சத்தம் போட்டன். சத்தம் போட்ட வாயைப் பேந்து மூடேலாமல் போச்சு. அவள் போனாப் பிறகும் நான் அந்தக் கண்ணாடியை வைச்சுக்கொண்டு விளக்குக்கு முன்னாலை நிண்டன். முகமெல்லாம் எரிஞ்சுது. நீ ஆரடி, அடுத்தவளுக்குச் சொல்ல?

வீட்டை வந்து சப்பாத்துக் கழட்டாமலே கொம்பியூட்டரைத் திறந்தன். வெறும் படம் வந்தது. கீழை, இடப்பக்கம், அதே இடத்திலை, அதே அளவிலை, கறுப்பா ஒரு வடை.

பதினொரு பின்னேரம் எடுத்த படத்திலை அந்தத் தூசி இல்லை. வெறும் படம் எடுத்த விடிய மட்டும் இருந்திருக்கு. இல்லாத தூசிக்கு வெளிச்சத்தைக் கூட்டி வளையம் போட்டது என்ர கொம்பியூட்டர். செத்துக்கொண்டிருந்த நட்சத்திரமாம். பில்டரைக் கழட்டி விளக்குக்கு முன்னாலை பிடிச்சன். சாம்பல் நிறத்திலை ஒரு பொட்டு. விரலாலை தொட்டு மணந்து பாக்கவே தேவையில்லை. மனிசனைக் கூப்பிட்டு, குழாய்க்கு மேலை விபூதி வைச்சியள், உள்ளுக்கும் வைச்சனியளோ எண்டு கேட்டன். மனிசன் கொஞ்சமும் அசரேல்லை.

“அந்தச் சின்னக் கண்ணாடியை இழுத்து, அதுக்கும் ஒரு பொட்டு வைச்சனான். எல்லாத்துக்கும் வைச்சுப்போட்டு அதை மட்டும் ஏன் விடுவான்?”

பக்தியிலை வைச்சதாம். நான் சாமியறை வாசலிலை குந்திக்கொண்டு இருந்து அழுதன். கோவத்திலை அழுதன், வெக்கத்திலை அழுதன், அந்த வளையம் போகுதே எண்டும் அழுதன். அது என்ரை எண்டு மூண்டு கிழமை நினைச்சிருந்தன், பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி அதுக்கு ஒரு பேர்கூட யோசிச்சு வைச்சிருந்தன். அந்தப் பேரை இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மனிசனுக்குப் பாவமாப் போச்சு. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைச்சுப்போட்டு, உதைக் கொம்பியூட்டரிலை அழிச்சுப்போட்டுப் பேசாமல் இரும், வளையம் பேந்து மங்கிப் போச்சு எண்டு சொல்லும், ஆருக்குத் தெரியப் போகுது எண்டார். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கச் சொல்லுறியளோ எண்டு கேட்டன். அப்ப கண்காட்சிக்குப் போகாமல் விடும் எண்டார். அதுவும் நடக்காது எண்டன்.

பில்டரைத் துடைச்சன். என்ர தொழிலே அதுதானே, அரை நிமிசம். அடுத்த விடிய அதே வேட்டியைக் கட்டித் திரும்பவும் வெறும் படம் எடுத்தன். பதினொரு பின்னேரத்தையும் முதலிலை இருந்து அடுக்கினன். வளையம் இல்லாமல் போச்சு. மிச்சம் எல்லாம் இருந்தது. சிவப்பு மடிப்பு, அதுக்குள்ளை இருட்டுத் தூண், ஓரத்திலை நூல்மாதிரி ஓடுற வாயு. அதை எனக்கு ஆரும் தரேல்லை, விபூதியும் தரேல்லை. தலைவிக்கு எழுதினன், வளையம் என்ர பிழை, எப்பிடி நடந்தது எண்டு கண்காட்சியிலை நானே சொல்லுறன், ரெண்டு படம் கொண்டு வாறன் எண்டு.

கண்காட்சி அண்டைக்கு பேராசிரியர் எனக்கு முதலே வந்து நிண்டார். தலைவி சொல்லியிருக்கிறா. ஒரு சொல் குத்திக் கதைக்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டுது.

“யானைக்கும் அடி சறுக்கும்மா. இந்த வருஷம் விட்டுடுங்க. அடுத்த வருஷம் எங்க காட்டேஜ்ல நல்லதா ஒண்ணு எடுத்து மாட்டலாம்.”

“பிழை என்ர,” எண்டன். “படமும் என்ர. ரெண்டையும் மாட்டப் போறன்.”

ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை மாட்டினன். வளையப் படத்துக்குக் கீழை, இது நட்சத்திரம் இல்லை, எங்கட சாமியறைச் சாம்பல் எண்டு பிரெஞ்சிலை எழுதி ஒட்டினன். மற்றதுக்குக் கீழை, வில்லரே, ரெண்டாம் மாடிப் பல்கனி, பதினொரு பின்னேரம் எண்டு எழுதினன். பேந்து மண்டபத்துக்கு முன்னாலை நிண்டு முழுக் கதையையும் சொன்னன். வேட்டி எண்டால் என்ன எண்டு கேட்டினம், அதையும் சொன்னன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. என்ர மனிசன் பின்வரிசையிலை, நெத்தி நிறைய விபூதியோடை, தன்னைப் பற்றித்தான் சிரிக்கினம் எண்டு விளங்காமல் அவரும் சேந்து சிரிச்சார்.

எல்லாரும் வளையப் படத்துக்கு முன்னாலைதான் போய்க் குவிஞ்சினம். போனிலை படம் எடுத்தினம். எடுக்கட்டும் எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டன். பேந்து பொறுக்கேலாமல் போச்சு. சிரிச்சு முடிஞ்சால் இஞ்சாலை வாங்கோ, நான் எடுத்தது இது எண்டு, கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூப்பிட்டன். வந்தினம். அந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டு ஒருத்தரும் சிரிக்கேல்லை.

பேராசிரியர் கடைசியா வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழட்டி, படத்துக்கு மூக்கு முட்டக் குனிஞ்சு, ஒரு மூலையிலை தொடங்கி மற்ற மூலைவரைக்கும் விரல்விரலாப் பாத்தார். அவர் என்ன தேடுறார் எண்டு எனக்குத் தெரியும். நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்திலை போட்டுக்கொண்டு இருந்தன்.

“வடிவாத் தேடுங்கோ ஐயா,” எண்டன். “நான் இஞ்சைதான் இருப்பன்.”